ஆபீஸ்ல கேஷுவல் டிரஸ் போடலாம்னு மெயில் வந்திருக்கு: எதுவரைக்கும் கேஷுவல்?

மஞ்சக்குப்பம்_பஸ் எழுதியது:

வணக்கம். கடலூர்ல இருந்து தினமும் பாண்டிக்கு வேலைக்குப் போறவ நான். எங்க ஆபீஸ் சின்னது. வெளிநாட்டு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதித் தர்ற வேலை. கஸ்டமர் யாரும் நேர்ல வர மாட்டாங்க, வீடியோ கால் மட்டும்தான். இதுவரைக்கும் ஆம்பளைங்கன்னா இன் பண்ணின சட்டை, ஷூ. பொம்பளைங்கன்னா சேலை, இல்லன்னா துப்பட்டாவோட சுடிதார். யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். போன மாசம் புதுசா ஒரு மெயில் வந்துச்சு. அப்படியே போடுறேன்:

"பணியாளர்கள் இனி அனைத்து நாட்களிலும் கேஷுவல் உடையில் வரலாம். உடை கண்ணியமாகவும் பணிச்சூழலுக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். மிகவும் சாதாரணமான உடைகளைத் தவிர்க்கவும்."

அவ்வளவுதான். முதல் வாரம் ஒரே குஷி. ஒருத்தர் நெஞ்சு முழுக்க மண்டை ஓடு போட்ட டி-ஷர்ட்ல வந்தாரு, யாரும் கண்டுக்கல. என் பக்கத்து சீட்டுப் பொண்ணு முட்டிக்குக் கீழ வர்ற குர்த்தி, ஜீன்ஸ் போட்டிருந்தா, துப்பட்டா இல்ல. டீம் லீடர் தனியா கூப்பிட்டு "கொஞ்சம் பாத்துக்கோம்மா"ன்னாரு. எதைப் பாத்துக்கணும்னு சொல்லல. இன்னொரு தம்பி தோல் செருப்பு போட்டு வந்ததுக்கு செக்யூரிட்டி வாசல்லயே நிறுத்தி எச்ஆருக்குப் போன் போட்டாரு. அன்னைக்கு மேனேஜர் கால்ல ஃப்ளோட்டர்ஸ்!

இப்போ பாதிப் பேர் பயந்துக்கிட்டு பழைய டிரஸ்ஸுக்கே போயிட்டாங்க. இந்த மாதிரி மெயிலை எப்படிப் படிக்கிறது? உங்க ஆபீஸ்ல எப்படி?

---

தவளக்குப்பம்_டீ எழுதியது:

இதுல குழப்பமே இல்லைங்க. புது ரூல் வந்தா ரெண்டு வாரம் பழைய டிரஸ்லயே போகணும். மேல இருக்கறவங்க என்ன போடுறாங்கன்னு பாக்கணும். அவங்களைவிட ஒரு படி கூடுதலா நாம போட்டுக்கணும். மேனேஜர் டி-ஷர்ட்னா நீங்க காலர் வச்ச டி-ஷர்ட். அவர் ஃப்ளோட்டர்ஸ்னா நீங்க ஷூ. நான் மூணு கம்பெனி மாறிட்டேன், ஒரு இடத்துலயும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

---

நீலக்குர்த்தி எழுதியது:

டீ அண்ணா, உங்களை யாரும் கேட்கலைன்னா அதுக்குக் காரணம் உங்க ஃபார்முலா இல்ல, நீங்க ஆம்பளை. மேல இருக்கற நாலு பேரும் ஆம்பளைங்கன்னா அவங்க ஃப்ளோட்டர்ஸைப் பாத்து நான் என்னத்தைக் கத்துக்கறது? எனக்கு வர்ற கேள்வியே வேற. ஸ்லீவ்லெஸ் போடலாமா? லெகிங்ஸ்னா டாப் எவ்வளவு நீளம் இருக்கணும்? சைடு ஓப்பன் எதுவரைக்கும் இருக்கலாம்? வெயில்ல மெல்லிசு காட்டன் போட்டா உள்ள தெரியுதுன்னு ஒருத்தர், கனமா போட்டா வேர்த்து ஒட்டுதுன்னு ஒருத்தர்.

தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு இடத்துல வேலை பாத்தப்ப எங்களுக்கும் இதே மாதிரி மெயில்தான். ஒரு மாசத்துல ஆம்பளைங்களுக்கு டிரஸ் மாறிடுச்சு, எங்களுக்கு மாறவே இல்ல. யாரும் தடுக்கல. ஆனா துப்பட்டா இல்லாம போற அன்னைக்கு ஒரு பார்வை, ஒரு "பாத்துக்கோம்மா". அது போதாதா?

கடைசில துப்பட்டா எதுக்கு உதவுச்சு தெரியுமா? ஏசிக்கு. ரிமோட் யார் கையில இருந்துச்சோ அவர் கோட் போட்ட ஆளு. 18-ல வச்சுட்டு உக்காந்திருப்பாரு. நாங்க துப்பட்டாவைப் போர்வையா சுத்திக்கிட்டு டைப் அடிப்போம்.

---

எச்ஆர்_குரல் எழுதியது:

இப்படிப்பட்ட மெயில் எழுதும் ஆட்களில் நானும் ஒருத்தன். அடி வாங்கத் தயாராகத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அது ஏன் அப்படி மொழுமொழுவென்று வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நீளமாக எழுதினால் சிரிப்பார்கள். "முட்டிக்கு மேல் இத்தனை அங்குலம்" என்று எழுதினால் யார் அளப்பது? விரிவாக எழுத எழுத ஓட்டையும் கூடும். "ஜீன்ஸ் கூடாது" என்றால் ஜீன்ஸ் துணியில் தைத்த பேன்ட் வரும். அதனால் எல்லாரும் "கண்ணியம்", "பொருத்தம்" என்று எழுதிவிட்டு நழுவுகிறோம்.

இதற்கு ஒரு பிரபலமான முன்னுதாரணமும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக மேரி பாரா 2009-இல் வந்தபோது அங்கே உடை விதி பத்துப் பக்கம் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பொருத்தமாக உடுத்துங்கள் என்று பொருள்படும் இரண்டே ஆங்கில வார்த்தை வைத்தார். உடனே மூத்த அதிகாரி ஒருவரிடமிருந்து சூடாக மெயில்: இது போதாது, தெளிவாக எழுதுங்கள். பாரா அவருக்கே போன் செய்து என்ன பிரச்சினை என்று கேட்டார். "என் ஆட்களில் சிலர் திடீரென்று அரசு அதிகாரிகளைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும், ஜீன்ஸில் இருந்தால் என்ன செய்வது?" உங்கள் குழுவோடு பேசிப் பாருங்கள் என்றார் இவர். கொஞ்ச நேரத்தில் அந்த அதிகாரியே திரும்பக் கூப்பிட்டார். அப்படிப் போக வேண்டியவர்கள் மொத்தமே நான்கு பேர். அவர்கள் லாக்கரில் ஒரு நல்ல பேன்ட் வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்துவிட்டார்கள்.

எங்கள் துறையில் இந்தக் கதையைச் சொல்லாத பயிற்சி வகுப்பு இல்லை. ஆனால் எல்லாரும் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். சின்ன விதி ஓடியது, அதற்குப் பின்னால் ஒருவர் போனை எடுத்துப் பேசியதால். உங்கள் அலுவலகத்தில் அந்தப் பேச்சு நடக்கவில்லை. டீம் லீடர் "பாத்துக்கோம்மா" என்றதோடு நகர்ந்துவிட்டார்.

---

மஞ்சக்குப்பம்_பஸ் எழுதியது:

நன்றி எச்ஆர் சார். அந்த லாக்கர் பேன்ட் யோசனை எனக்கு வேற விதத்துல புடிச்சிருக்கு. காலையில கடலூர் பஸ் கன்னியக்கோயில் தாண்டி கிருமாம்பாக்கம் வர்றதுக்குள்ள சட்டை நனைஞ்சிடும். நின்னுக்கிட்டே வந்தா கேட்கவே வேணாம். ஒரு குர்த்தி டிராயர்ல வச்சுக்கலாம்.

ஆனா நீலக்குர்த்தி சொன்னது முழுக்க உண்மை. எங்க ஆபீஸ்ல டி-ஷர்ட் போட்ட பசங்க யாரும் பழைய டிரஸ்ஸுக்குத் திரும்பல. திரும்புனது பொண்ணுங்களும், புதுசா சேர்ந்த தம்பிங்களும்தான்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

கடலூர் நீதிமன்ற வளாகத்திலிருந்து ஒரு குரல். உடை விதி பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் உண்டா? மே மாத வெயிலில் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, அதன்மேல் கறுப்புக் கோட்டு. ஒரு சலுகை உண்டு. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. எழுத்தில் இருப்பதால் கோட்டைக் கழற்றிவிட்டு நிம்மதியாக நிற்கலாம், யாரும் முகம் சுளிக்க முடியாது. எழுதிவைப்பதன் அருமை அதுதான்.

எச்ஆர் நண்பர் விரிவாக எழுதினால் சிரிப்பார்கள் என்கிறார். 2019-இல் தமிழ்நாடு தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு வந்த அரசாணையைப் பாருங்கள். பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவுடன் சல்வார் கமீஸ், சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும், அல்லது வேட்டி. பிடிக்கிறதோ இல்லையோ, படித்தவனுக்குச் சந்தேகம் வராது. அதில் சொன்ன உடைகளை ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை நான். துணியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள்.

யாராவது வேட்டிச் சட்டத்தைக் கொண்டுவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அதே ஆண்டு சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டி வந்தவரை மன்றம், அரங்கம் போன்ற பொது இடங்களில் நுழைய விடாமல் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது நுழைவுக்கான சட்டம். முதலாளி தன் ஊழியருக்கு வைக்கும் உடை விதிக்கு அதை மருந்தாகக் கொடுக்க முடியாது. இன்னொன்று, அது தமிழ்நாட்டுச் சட்டம். முள்ளோடை தாண்டிவிட்டால் புதுச்சேரி, அங்கே வேறு சட்டமன்றம்.

---

ரெட்கெப்பி_ரசிகன் எழுதியது:

வக்கீல் சார் வந்ததும் இழைக்கே கோட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சு 😄

நம்ம ஊருக்கு நிஜமான கேஷுவல் என்னன்னு மனசுல கை வச்சுச் சொல்லுங்க. கைலி! சாயங்காலம் ஆறு மணிக்கு மேல முத்தியால்பேட்டைல பேன்ட் போட்ட ஆளைக் காட்டுங்க பாப்போம். வெயிலுக்கு அதைவிடச் சுகம் எது? ஆனா "எல்லா நாளும் கேஷுவல்"னு மெயில் போட்டவன்கிட்ட கைலி கட்டிட்டுப் போய் நின்னா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவான். முட்டில கிழிஞ்ச ஜீன்ஸ் ஓகே, புதுக் கைலி ஓகே இல்ல. அப்போ கேஷுவல்னு அவங்க சொல்றது வீட்டு டிரஸ் இல்ல, அமெரிக்காக்காரனோட வீட்டு டிரஸ்.

அந்த வெள்ளிக்கிழமை கேஷுவலே ஹவாய்ல 1960-கள்ல சட்டை விக்கிறதுக்காகக் கிளப்பி விட்டது. பூப்போட்ட சட்டை இருக்கே, ஒயிட் டவுன்ல சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுத்துற டூரிஸ்ட் போடுவானே, அதான். உள்ளூர் துணி வியாபாரிங்க சேர்ந்து, வெள்ளிக்கிழமை இதைப் போட்டு ஆபீஸ் வாங்கன்னு பிரசாரம் பண்ணாங்க. அப்புறம் 1992-ல லீவைஸ் கம்பெனி, கேஷுவலா எப்படி உடுத்துறதுன்னு ஒரு கையேடு அடிச்சு அமெரிக்கா முழுக்க சுமார் 25,000 எச்ஆருங்களுக்கு அனுப்புச்சு. கூடவே விக்கறதுக்கு டாக்கர்ஸ் பேன்ட். அவன் கையேட்டுல படமாவது போட்டிருந்தான். உங்க மெயில்ல அதுவும் இல்ல.

---

குறிஞ்சிப்பாடி_தறி எழுதியது:

கைலியைப் பத்திப் பேச்சு வந்துட்டதால ஆஜர். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு தறி சத்தம் கேட்ட காலம் ஒன்னு இருந்துச்சு, குறிஞ்சிப்பாடி கைலின்னா கப்பல்ல போகும். எங்கப்பா நெய்த கைலியை ஒரு நாள்கூட நான் ஆபீஸுக்குக் கட்டினதில்ல. கட்டணும்னு ஆசையும் இல்ல, அது வேற. ஆனா அதைக் கேவலமா பாக்கறவங்களைப் பாத்தா சுருக்குன்னு இருக்கும்.

வேட்டி நிலைமை பரவாயில்ல. கோ-ஆப்டெக்ஸ்ல சகாயம் ஐஏஎஸ் இருந்தப்ப வேட்டி தினம்னு ஆரம்பிச்சு வச்சாங்க. இப்போ பொங்கலுக்கு முந்தின நாள் எல்லா ஆபீஸ்லயும் வேட்டியோட போட்டோ எடுக்கறாங்க. வெல்க்ரோ, பாக்கெட் எல்லாம் வச்ச வேட்டி. சந்தோஷம்தான். வருஷத்துல ஒரு நாளைக்கு நம்ம டிரஸ், மத்த நாளைக்கு அவங்க டிரஸ், அதுக்குப் பேரு சுதந்திரம்.

---

பழைய_மில் எழுதியது:

நான் பாண்டியில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலைச் சங்கு ஊதினால்தான் ஊர் எழுந்திருக்கும் என்று இருந்த காலம். பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல ஆசை.

எங்களுக்கும் உடை விதி உண்டு. ஓடுகிற பெல்ட், தண்டு இதற்குப் பக்கத்தில் தொங்குகிற துணி எதுவும் ஆகாது. வேட்டி கட்டி வருகிறவர் உள்ளே வந்ததும் அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் காக்கி அரைக்கால் சட்டைக்கு மாறிவிடுவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போனால் மேஸ்திரி கத்துவார். புதிதாய் வந்த பையன் அரைஞாண் கயிற்றை வெளியே விட்டிருந்தால்கூட உள்ளே செருகச் சொல்லுவார். அன்றைக்கு இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு இதற்குத்தான். ஓடும் இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்கிறவன் உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டும் என்று இருந்தது. அந்த உடையை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது.

அந்த விதியை நாங்கள் யாரும் எதிர்த்ததில்லை. ஏன் என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். விரல் போனவர்கள் இருந்தார்கள்.

உங்கள் மெயிலில் ஏன் என்று ஒரு வரி இருக்கிறதா அம்மா?

---

சிப்காட்_ஷிஃப்ட் எழுதியது:

பழைய மில் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழியறேன். கடலூர் சிப்காட்ல கெமிக்கல் யூனிட்ல இருக்கேன். பிளான்ட்டுக்குள்ள பாலியஸ்டர் கூடாது, காட்டன்தான். தீப்பிடிச்சா பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும், உரசுனா பொறி வேற வரும். சேஃப்டி ஷூ இல்லாம கேட் தாண்ட முடியாது, ஜெனரல் மேனேஜரா இருந்தாலும் சரி. ஒரு தடவை பெரிய ஆபீஸ்ல இருந்து வந்தவரையே திருப்பி அனுப்பியிருக்காங்க. அவர் ஷூ என் ஷூவைவிடப் பத்து மடங்கு விலை.

யாருக்கும் விலக்கு இல்லாத ரூல்ல ஒரு நிம்மதி இருக்குங்க.

---

தவளக்குப்பம்_டீ எழுதியது:

சரி, மில்லுலயும் பிளான்ட்லயும் காரணம் இருக்கு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற வேலைக்கு என்ன காரணம் சொல்ல முடியும்? துப்பட்டா இல்லன்னா எக்செல் தப்பா கூட்டுமா? காரணம் கேட்டா கடைசில "எனக்குப் புடிக்கல"ன்னு முடியும். அதை எப்படி மெயில்ல எழுதுவான்?

---

எச்ஆர்_குரல் எழுதியது:

மேசை வேலைக்கும் காரணங்கள் உண்டு, கொஞ்சம்தான். வீடியோ காலில் கஸ்டமர் பார்க்கிறார். வங்கி, ஆடிட்டர், அரசு ஆய்வாளர் நேரில் வரலாம். டி-ஷர்ட்டில் இருக்கும் வாசகமோ கட்சிச் சின்னமோ பக்கத்து சீட்டில் சண்டையைக் கிளப்பலாம். சர்வர் அறைக்குள் வெறுங்காலோடு போகக்கூடாது. நான் யோசித்தவரை அவ்வளவுதான். இதில் எதற்கும் துப்பட்டா வரவில்லை என்பதைக் கவனித்தேன், நீலக்குர்த்தி சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

காரணத்தை எழுதினால் விதி தானாகவே சுருங்கும். ஜப்பானில் 2005-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் "கூல் பிஸ்" என்று ஒன்று கொண்டுவந்தது. கோடையில் ஏசியை 28 டிகிரியில் வை, கோட்டும் டையும் வேண்டாம். டை கட்டாமல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர். மின்சாரம் மிச்சம் என்ற காரணம் இருந்ததால் தயங்காமல் கழற்றினார்கள், பிரதமரே டை இல்லாமல் வந்தார். இந்தியாவில் இன்ஃபோசிஸ் 2015 ஜூனில் எல்லா நாளும் கேஷுவல் என்று மாறியது. அதற்கு முன் திங்கள் முதல் வியாழன் வரை ஃபார்மல், வெள்ளி மட்டும் விலக்கு. பெரிய இடம் மாறியதும் சின்ன இடமெல்லாம் மெயிலை நகலெடுத்தது. உங்கள் மெயிலும் அப்படி வந்திருக்கலாம்.

---

பண்பாடு_காப்போம் எழுதியது:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். அலுவலகம் வேலை செய்யும் இடம். பெண்கள் நம் பண்பாட்டுக்கு ஏற்ப உடுத்தினால் இந்தப் பிரச்சினையே வராது. துப்பட்டா போடுவதில் என்ன கஷ்டம்?

---

நீலக்குர்த்தி எழுதியது:

கஷ்டம் எதுவும் இல்லைங்க. நான் பாதி நாள் போட்டுட்டுத்தான் போறேன். போடச் சொல்லி எழுதட்டும், போடறவங்க போடுவாங்க, எதிர்க்கறவங்க எதிர்ப்பாங்க. மெயில்ல "எல்லாரும் கேஷுவல்"னு போட்டுட்டு, நேர்ல வந்து எங்களுக்கு மட்டும் வாயால வேற ரூல் சொல்றதுதான் இங்க பேச்சு. பண்பாட்டை ஆம்பளைங்க மண்டை ஓடு டி-ஷர்ட்டுல இருந்து ஆரம்பிச்சுக் காப்பாத்துங்களேன்.

---

நெறியாளர் எழுதியது:

இதற்குக் கீழே வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உடையைப் பற்றிப் பேசுங்கள், எதிரில் இருப்பவர் வீட்டுப் பெண்களைப் பற்றி வேண்டாம்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

மஞ்சக்குப்பம் தங்கைக்கு ஒரு யோசனை. புகார் எழுதாதீர்கள். புகார் என்றால் அவர்கள் தற்காப்புக்குப் போவார்கள், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று விசாரணை கிளம்பும், பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குத்தான் சங்கடம். விளக்கம் கேட்டு எழுதுங்கள். "இந்த உடைகளில் வரலாமா" என்று பட்டியல் போட்டு, எதிரே ஆம், இல்லை என்று நிரப்ப இடம் விடுங்கள். ஆண்கள், பெண்கள் என்று பிரிக்காமல் ஒரே பட்டியலாக இருக்கட்டும். காலணியும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவர் பெயரில் போகாமல் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அனுப்பினால் நல்லது. பதில் மெயிலில்தான் வர வேண்டும். நேரில் வாங்க பேசலாம் என்றால், பேசிவிட்டு வந்து, "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டோம்" என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்.

---

சிப்காட்_ஷிஃப்ட் எழுதியது:

மழைக்காலத்தையும் கேட்டுக்கங்க. ஐப்பசி, கார்த்திகைல ஷூ போட்டுட்டுப் போறதுக்கு ஷூவைக் கையில எடுத்துட்டுப் போகலாம். 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் கரையைக் கடந்து முடிஞ்ச வாரம் பாண்டில தெருவெல்லாம் முட்டியளவு தண்ணி. என் தங்கச்சி வீட்டுக்காரர் ரப்பர் செருப்பு, முட்டிக்கு மடிச்ச பேன்ட்டோட ஆபீஸ் போனாரு. யாரும் கேட்கல. தண்ணி வடிஞ்ச மறுநாள் அதே செருப்புக்கு மெமோ.

---

மஞ்சக்குப்பம்_பஸ் எழுதியது:

அப்டேட். வக்கீல் அண்ணன் சொன்னபடியே ஒன்பது பேர் கையெழுத்தோட மெயில் போட்டோம். "பேசலாம் வாங்க"ன்னுதான் முதல்ல பதில் வந்துச்சு. போகல. அப்புறம் எழுத்துலயே பதில் வந்துடுச்சு. முக்கியமானது மட்டும் சொல்றேன்.

ஜீன்ஸ் சரி, கிழிஞ்சது கூடாது. காலர் இல்லாத டி-ஷர்ட் சரி, ஆனா படம், வாசகம் கூடாது (மண்டை ஓடு அவுட்!). குர்த்திக்குத் துப்பட்டா அவரவர் விருப்பம். இதை எழுத்துல பாத்ததும் பக்கத்து சீட்டுக்காரி பிரிண்ட் எடுத்து டிராயர்ல வச்சுட்டா. ஸ்லீவ்லெஸ்ஸுக்கு நேரா "நிர்வாகம் முடிவு செய்யும்"னு போட்டிருக்காங்க. அதாவது இல்லன்னு அர்த்தம், எழுத வெக்கம். பின்பக்கம் வார் வச்ச செருப்பு எல்லாருக்கும் சரி, ரப்பர் செருப்பு மழை நாள்ல மட்டும். வேட்டி சரி. கைலிக்கு நேரா எதுவும் எழுதாம கோடு போட்டிருக்காங்க 😂 ரெட்கெப்பி அண்ணனுக்காகத்தான் அதைச் சேர்த்தேன்.

காரணமும் கேட்டிருந்தோம். வீடியோ கால் இருக்கற டீமுக்கு மட்டும் கால் நேரத்துல காலர் சட்டை. மத்தவங்களுக்குக் காரணம்னு எதுவும் எழுதல.

டீம் லீடர் ரெண்டு நாளா என்கூடச் சரியா பேசல. போகட்டும்.

---

எச்ஆர்_குரல் எழுதியது:

மோசமில்லை, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஸ்லீவ்லெஸ் விஷயத்தை விடாதீர்கள். "நிர்வாகம் முடிவு செய்யும்" என்றால் அந்த நிர்வாகம் யார் என்று ஒரு பெயரையாவது கேட்டு வையுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு எதிரில் வருகிறவர்தான் நிர்வாகம்.

அந்த எச்ஆர் மீது கோபப்படாதீர்கள். இதை எழுதி வெளியே விட அவர் மேலே யார் யாரிடம் கையெழுத்து வாங்கினாரோ.

---

பழைய_மில் எழுதியது:

டீம் லீடரை நாளைக்கு நீங்களே போய் டீ குடிக்கக் கூப்பிடுங்கள் அம்மா. அவருக்கும் யாரோ மேலே இருந்து வாயால் சொல்லியிருப்பார்கள், எங்கள் மேஸ்திரிக்குச் சொன்ன மாதிரி.

---

புதுசா_சேர்ந்தவன் எழுதியது:

இதே இழைல ஒரு டவுட் கேட்டுக்கறேன். அடுத்த வாரம் பாண்டில வேலைல சேர்றேன், கேஷுவல்தான்னு சொல்லிட்டாங்க. கைல காசு கம்மி. படம், வாசகம் இல்லாத காலர் டி-ஷர்ட் கம்மி விலைல எங்க கிடைக்கும்?

---

ரெட்கெப்பி_ரசிகன் எழுதியது:

ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட். சாயங்காலம் கூட்டத்துல மாட்டிக்காம காலையிலயே போயிடு தம்பி. குவிச்சு வச்சிருக்கறதுல எக்ஸ்போர்ட்ல கழிச்சது கிடைக்கும். காலர் தையலையும் அக்குள் தையலையும் இழுத்துப் பாத்து வாங்கு. கறுப்பு வேணாம், வேர்வை உப்பு வெள்ளையா கோடு போடும். வெளிர் சாம்பலும் வேணாம், நனைஞ்ச இடம் தனியா தெரியும். கருநீலம் எடு.

---

குறிஞ்சிப்பாடி_தறி எழுதியது:

டி-ஷர்ட்டோட ஒரு கைத்தறி அரைக்கைச் சட்டையும் எடுத்து வை, வீடியோ கால் வந்தா உதவும். கஞ்சி போடாதே, பஸ்ல கசங்குனா மடிப்பு நிக்கும். துவைச்சு உதறி நிழல்ல காயப் போடு, முதல் தடவை தனியா துவை, சாயம் போகும்.